விதிப்புத்தகத்தில் இல்லாத தகுதிகள்

அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்க என்னதான் வேண்டும்?

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தைக் கட்டுவதற்கு 1967இல் தலைமைத் திட்டப் பொறியாளராகப் பொறுப்பேற்றவர் எம்.ஆர்.சீனிவாசன். பின்னாளில் இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1954இல் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் இயந்திரப் பொறியியலில். அவர் ஆழ்ந்து படித்தது கேஸ் டர்பைன். அதே ஆணையத்தின் தலைவராகப் பின்னாளில் இருந்த, சென்னையில் பிறந்த ஆர்.சிதம்பரம் 1962இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டாக்டர் ஆனார். அது இயற்பியல். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தை நெடுங்காலம் நடத்திய ஆல்வின் வெயின்பெர்க்கின் பட்டமோ கணித உயிரியற்பியலில். அணு நீர்மூழ்கிக் கப்பலை அந்நாட்டுக்குக் கட்டிக்கொடுத்த அட்மிரல் ரிக்கோவரிடம், ஆய்வு செய்து வாங்கிய முனைவர் பட்டம் எதுவும் இல்லை.

அவர்கள் காலத்தில் அப்படியொரு பாடப் பிரிவே இல்லை என்று இதற்குப் பதில் சொல்லலாம். ஓரளவு சரிதான். பல்கலைக்கழக வளாகத்துக்குள் முதல் அணு உலை இயங்கியதே 1953இல்தான், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில். எம்.ஐ.டி.யின் உலை 1958இல் வந்தது. அதற்குப் பிறகு அங்கே துறைகள் பெருகின, பட்டங்களும் பெருகின. இந்தியாவில் கதை வேறு. இங்கே அணுப் பொறியியல் முதலில் கல்லூரிப் பாடமாக வரவில்லை. அரசு வேலைக்கான பயிற்சியாக வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957இல் தொடங்கியது. இயந்திரவியல், வேதிப் பொறியியல், உலோகவியல், மின்னியல் படித்துவிட்டு வருபவர்களை ஓராண்டு உட்காரவைத்து அணு உலை இயற்பியல் சொல்லிக்கொடுத்து வேலையில் அமர்த்தும் பள்ளி அது. நாட்டின் அணு உலைகளைக் கட்டிய தலைமுறையில் பெரும்பகுதி அந்தப் பள்ளியில் தேறியதுதான். அவர்களுக்கு முனைவர் பட்டம் ஓர் அலங்காரம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பழுதில்லை.

அந்த மனநிலை மாறியதற்கு அடையாளம், 2005இல் வந்த ஹோமி பாபா தேசிய நிறுவனம். மும்பை, கல்பாக்கம், இந்தூர், கொல்கத்தா என அணுசக்தித் துறையின் ஆய்வு மையங்களையும், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற உதவி பெறும் நிறுவனங்களையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அது. அதற்கு முன்னால் கல்பாக்கத்து விஞ்ஞானி ஒருவர் டாக்டராக வேண்டுமென்றால், தன் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வெளியே ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது வேலை பார்க்கும் இடத்திலேயே பட்டம் உண்டு. ஒரு வேடிக்கை: அந்தச் சான்றிதழில் ‘அணுப் பொறியியல்’ என்று இருக்காது, ‘பொறியியல் அறிவியல்’ என்றுதான் இருக்கும். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் அணுப் பொறியியலுக்கென்று தனித்தாள் கிடையாது. கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற வெகு சில இடங்களில்தான் இத்துறை தன் சொந்தப் பெயரோடு நடமாடுகிறது. ஆகவே ‘அணுப் பொறியியலில் பிஎச்.டி. எங்கே கிடைக்கும்?’ என்று துறையின் பெயரை வைத்துத் தேடும் மாணவருக்கு இந்தியாவில் பாதி வாசல்கள் கண்ணில் படாது. எந்த ஆய்வகத்தில் எந்தச் சிக்கலில் வேலை நடக்கிறது என்று தேட வேண்டும்.

காகிதத்தில் உள்ளவை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் எல்லாத் துறைக்கும் பொது. அணுப் பொறியியலுக்கென்று தனிச் சலுகையோ தனிச் சுமையோ அதில் இல்லை. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண். நான்காண்டு இளநிலைப் பட்டம் மட்டும் இருந்தால் 75 விழுக்காடு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க், அதில் ஆய்வு நெறிமுறை பற்றிய பாடம் கட்டாயம். குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் பத்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. ஆய்வேட்டை வெளியிலிருந்து குறைந்தது இரண்டு நிபுணர்கள் மதிப்பிட வேண்டும். பிறகு எல்லோர் முன்னிலையிலும் வாய்மொழித் தேர்வு. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதை நம்பிக் கட்டுரை எழுதாமல் இருந்துவிடாதீர்கள். நிறுவனங்கள் தங்கள் அளவில் அதைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும், கட்டுரை இல்லாத டாக்டரை வேலைக்கு எடுப்பவர் குறைவு.

நுழைவாயில் இரண்டு. ஒன்று, பயிற்சிப் பள்ளி வழி. கேட் மதிப்பெண் அல்லது துறையின் தேர்வு, அதன்பின் நேர்முகம். தேறினால் ஓராண்டு கடும் படிப்பு, முடிந்ததும் அறிவியல் அதிகாரி வேலை. அந்த ஓராண்டுப் பாடங்களே முதுநிலைப் பட்டத்துக்கும் மேற்படிப்புக்கும் அடித்தளமாகின்றன. இன்னொன்று, ஜே.ஆர்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வழி. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. தகுதிக்கேற்ப வீட்டு வாடகைப் படி தனி. ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசையில் இந்த இரண்டு வகையினரும் உட்கார்ந்திருப்பார்கள். முதலாமவருக்குப் பட்டம் தாமதமானால் பதவி உயர்வுதான் தாமதமாகும். இரண்டாமவருக்கு உதவித்தொகை நிற்கும் நாள் நாட்காட்டியில் குறித்திருக்கும். ஒழுங்குமுறை எழுதியவர்கள் இருவரையும் ‘ஆய்வு மாணவர்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள்.

அரை விழுக்காட்டுக் கேள்வி

கோர்ஸ் வொர்க் முடிந்ததும் வருவது விரிவான வாய்மொழித் தேர்வு. அமெரிக்காவில் இதைத் தகுதித் தேர்வு என்பார்கள். அங்கே இதில் தோற்று முதுகலைப் பட்டத்தோடு வெளியேறுபவர்கள் உண்டு. இங்கே அந்த அளவுக்குக் கொடூரம் இல்லை. ஆனாலும் ஒரு பொறியாளரை உலைப் பொறியாளராகப் பிரித்துக் காட்டும் கேள்விகள் இங்கேதான் எழுகின்றன.

ஒரு மாதிரிக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனியம்-235 பிளக்கும்போது பிறக்கும் நியூட்ரான்களில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கணத்திலேயே வெளிவந்துவிடும். நூற்றுக்கு 0.65 பங்கு மட்டும் தாமதமாக வரும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்திலிருந்து ஒரு நிமிடம் வரை பிடிக்கும். இந்தச் சோம்பேறி நியூட்ரான்கள் இல்லாவிட்டால் உலகில் எந்த அணு உலையையும் மனிதர்களோ இயந்திரங்களோ கட்டுப்படுத்தியிருக்க முடியாது. உலையின் திறன் கண் இமைப்பதற்குள் எகிறியிருக்கும். தாமத நியூட்ரான்கள் தரும் அந்த அவகாசத்தில்தான் கட்டுப்பாட்டுத் தண்டுகள் மேலும் கீழும் நகர்கின்றன. சரி, எரிபொருள் புளூட்டோனியம்-239 என்றால்? அந்தப் பங்கு 0.2 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு. கல்பாக்கத்தின் வேக ஈனுலை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனும் வகை உலை, புளூட்டோனியத்தில் ஓடுவது. அப்படியானால் அதன் பாதுகாப்பு எதில் நிற்கிறது?

இதற்குப் பதில் சொல்ல எரிபொருள் சூடாகும்போது நியூட்ரானை விழுங்கும் தன்மை ஏன் கூடுகிறது என்று தெரிய வேண்டும். உலை மையம் விரிவடைந்தால் என்ன ஆகும், குளிர்விக்கும் சோடியம் ஓரிடத்தில் கொதித்து வெற்றிடம் உண்டானால் திறன் ஏறுமா இறங்குமா என்று தெரிய வேண்டும். சோடியம் 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த நீண்ட இடைவெளி வடிவமைப்பாளருக்கு எவ்வளவு பெரிய வரம், தண்ணீரோடும் காற்றோடும் அது போடும் சண்டை எவ்வளவு பெரிய சாபம் என்றும் தெரிய வேண்டும். உலோகவியல் படித்துவிட்டு வந்தவர் ‘இது இயற்பியல்காரர் வேலை’ என்று ஒதுங்க முடியாது. இயற்பியல் படித்தவர் குழாயின் பற்றவைப்பைப் பற்றிக் கேட்டால் விழிக்கக் கூடாது. ஒரு துறையில் ஆழம், மற்ற நான்கு துறைகளில் பேசும் அளவுக்கு அறிவு: என் பார்வையில் இந்தப் பட்டத்தின் உண்மையான முதல் தகுதி இதுதான். 12 கிரெடிட்டில் இது அடங்காது.

கதவுக்கு உள்ளே இருப்பவை

மற்றப் பொறியியல் துறைகளில் ஆய்வு மாணவர் தன் கருவியைத் தானே கட்டலாம், வாங்கலாம், கடன் கேட்கலாம். அணு உலையை அப்படிச் செய்ய முடியாது. அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் சிறு ஆய்வு உலைகள் இன்றும் ஓடுகின்றன. மாணவர்களே உரிமம் பெற்று அவற்றை இயக்குவதும் உண்டு. இந்தியாவின் ஆய்வு உலைகள் அணுசக்தித் துறையின் வேலிக்கு உள்ளே இருக்கின்றன. கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனச் சோதனை உலையும் அப்படி, 1996இல் வந்த 30 கிலோவாட் காமினியும் அப்படி. யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட அபூர்வமான சின்ன உலை காமினி. பொருள்களை வெட்டாமல் உள்ளே படம்பிடிக்க அதன் நியூட்ரான் கற்றை உதவுகிறது. பயிற்சிக்கும் ஆய்வுக்கும் அளவெடுத்துச் செய்தது போன்ற உலை.

வேலிக்குள் நுழையக் காவல் துறைச் சரிபார்ப்பு, நுழைவு அனுமதி. உள்ளே போனபின் கதிர்வீச்சு அளவைப் பதிவு செய்யும் பேட்ஜ். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுத் தொகுப்பில் 100 மில்லிசீவெர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கருவுற்ற பெண் அதைத் தெரிவித்தபின் மீதிக் காலத்துக்குக் கருவின் வரம்பு 1 மில்லிசீவெர்ட். மானியக் குழு பெண்களுக்குக் கொடுத்த கூடுதல் ஆண்டுகள் வேறெந்தத் துறையையும்விட இங்கே அதிகம் பொருள் உள்ளவை, ஏனென்றால் சோதனையிலிருந்து விலகி நிற்க வேண்டிய மாதங்களை ஒழுங்குமுறையே உண்டாக்குகிறது. ஆய்வு முடிந்து கட்டுரை எழுதினால், அதை வெளியே அனுப்பவும் அனுமதி வேண்டும். அணுசக்திச் சட்டம் என்பது ஆய்வு மாணவரின் தலைக்கு மேலும் இருக்கிறது. எதை எழுதலாம், எந்த எண்ணை விட்டுவிட வேண்டும் என்று பழகுவதும் பயிற்சியின் பகுதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சேர்க்கை அறிவிப்பும் இதை மாணவரிடம் முன்கூட்டி விளக்குவதில்லை என்பது குறைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நிபந்தனை நேரம். வேக ஈனுலைக்கு உருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்வோம். நியூட்ரான் மோதும்போது உருக்கின் அணுக்கள் தங்கள் இடத்திலிருந்து தெறிக்கின்றன. உலையில் இருக்கும் காலத்துக்குள் ஒவ்வொரு அணுவும் சராசரியாகப் பல பத்து முறை இடம்பெயரும். உருக்கு வீங்கும், வளையும், நொறுங்கும். இதை அறிய மாதிரியை உலைக்குள் வைக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எடுத்தபின் கதிரியக்கம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தடித்த கான்கிரீட் சுவருக்கும் ஈயக் கண்ணாடிக்கும் அப்பால் இயந்திரக் கைகளால் அதை வெட்டி, தேய்த்து, அளக்க வேண்டும். கல்பாக்கத்தின் சோதனை உலையில் புளூட்டோனியம்–யுரேனியம் கார்பைடு எரிபொருள் ஒரு டன்னுக்கு 165 கிகாவாட்-நாள் என்ற அளவு வரை எரிந்தது. உலக அளவில் பேசப்பட்ட சாதனை. அதை எட்ட, உலை தொடங்கியதிலிருந்து இருபதாண்டுக்கு மேல் பிடித்தது. இடையிடையே எரிபொருளை வெளியே எடுத்துச் சோதித்து, இன்னும் தாங்கும் என்று உறுதி செய்து மேலே போனார்கள். அந்தப் பயணத்தில் எந்த ஆய்வு மாணவரும் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. முன்னவர் வைத்துவிட்டுப் போன மாதிரியை எடுத்துத் தன் ஆய்வேட்டை எழுதுவார். தான் வைக்கும் மாதிரியை இன்னொருவருக்கு விட்டுச் செல்வார்.

ஆறு ஆண்டில் முடி என்று சொல்லும் ஒழுங்குமுறையும் இருபதாண்டு கேட்கும் உலோகமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. மாணவர்களுக்குக் கிடைத்த சமரசம் அயனிக் கற்றை. முடுக்கியிலிருந்து கன அயனிகளைப் பாய்ச்சினால் நியூட்ரான் ஆண்டுக்கணக்கில் செய்யும் சேதத்தைச் சில மணி நேரத்தில் செய்துவிடலாம், மாதிரியில் கதிரியக்கமும் ஏறாது. கல்பாக்கத்தில் அதற்கான முடுக்கி இருக்கிறது. ஆனால் அயனி நுழையும் ஆழம் ஒரு மைக்ரான் அளவே. அந்த மெல்லிய தோலில் கண்டதை முழுக் குழாய்க்கும் எப்படிப் பொருத்துவது? வாய்மொழித் தேர்வில் தப்பாமல் வரும் கேள்வி இது. நேர்மையான மாணவர் ‘முழுதாகப் பொருத்த முடியாது’ என்று தொடங்குவார்.

வெப்ப ஓட்டம் பற்றி ஆய்வு செய்பவர்கள் சற்றுக் கொடுத்துவைத்தவர்கள். கதிரியக்கமே இல்லாமல் சோடியத்தில், அல்லது வெறும் தண்ணீரில்கூட, மாதிரிகளைக் கட்டலாம். முன்மாதிரி வேக ஈனுலையின் சோடியத் தொட்டியைக் கால்பங்கு அளவில் தண்ணீரில் கட்டிப் பார்த்த ‘சம்ராட்’, உலை நின்றபின் மிஞ்சும் வெப்பத்தைத் தானாக வெளியேற்றும் முறையைச் சோதிக்கும் ‘சாதனா’ ஆகியவை கல்பாக்கத்தில் அப்படி வந்தவை.

கணினி எனும் பின்வாசல்

உலைக்குள் போக முடியாதவர்களுக்கு மிஞ்சுவது கணிப்பு. நியூட்ரான்களின் நடமாட்டத்தைச் சொல்லும் சமன்பாட்டில் ஏழு மாறிகள்: இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு, ஆற்றல், நேரம். காகிதத்தில் தீர்க்க முடியாது. பகடை உருட்டி உருட்டிக் கோடிக்கணக்கான நியூட்ரான்களின் வாழ்க்கையைக் கணினியில் நடத்திப் பார்க்கும் மாண்டி கார்லோ முறை ஒரு முக்கிய வழி. அதற்கு உலகம் நம்பும் எம்.சி.என்.பி. என்ற மென்பொருள் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிறந்தது. அதைப் பெறுவதற்கு அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தாண்ட வேண்டும். 2011இல் எம்.ஐ.டி.யில் உலை இயற்பியல் ஆய்வுக் குழு ஒன்று ‘ஓப்பன் எம்.சி.’ என்ற மென்பொருளைத் தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வாகக் கருக்கொண்ட வேலை அது. மூல நிரலோடு யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திருச்சியிலோ கோவையிலோ ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் இன்று இரவே தன் மடிக்கணினியில் ஓர் உலை மையத்தைக் கட்டிப் பார்க்கலாம். ஒரு முனைவர் பட்டம் துறைக்கு என்ன கொடுக்க முடியும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் கணித்ததை எதோடு ஒப்பிடுவது? உண்மையான உலையில் அளந்த எண் வேண்டும். அந்த எண் இல்லாத ஆய்வேடு, எவ்வளவு அழகான வண்ணப் படங்கள் இருந்தாலும், பாதி ஆய்வேடுதான். உலையை மேலும் மேலும் நுணுக்கமாகக் கணித்து, முந்தைய கணிப்போடு மட்டுமே ஒப்பிட்டு முடிக்கும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் பெருகுமானால் அதற்குக் காரணம் மாணவர்களின் சோம்பல் ஆகாது. அளக்க அவர்களுக்கு இடம் இல்லை.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2025 தொடக்கத்தில் இந்தியாவின் அணுமின் திறன் சுமார் 8,180 மெகாவாட். 2047க்குள் அதை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவதாக 2025–26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சிறு உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய். 2033க்குள் உள்நாட்டில் உருவான சிறு உலைகள் குறைந்தது ஐந்து இயங்க வேண்டும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தனியாருக்கும் இத்துறையின் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டில் கல்பாக்கம் ஒருபக்கம், ரஷ்ய உதவியோடு வளரும் கூடங்குளம் மறுபக்கம். இத்தனை உலைகளின் வடிவமைப்பைச் சரிபார்க்கவும் உரிமம் தரவும் ஆள் வேண்டும். கட்டுபவரின் சம்பளப் பட்டியலில் இல்லாத, கட்டுபவரைக் கேள்வி கேட்கும் அளவுக்குப் படித்த ஆள் வேண்டும். இன்றைக்குத் துறை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அணுசக்தித் துறையின் ஊழியர்கள் அல்லது ஓய்வு பெற்ற ஊழியர்கள். தனியார் நிறுவனம் உலை கட்டி, ஊருக்குள் எதிர்ப்பும் கிளம்பினால், இரண்டு பக்கமும் நம்பக்கூடிய ஒரு பேராசிரியரை எங்கே தேடுவது? அணு உலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகக் குரல் கொடுக்கலாம்.

இந்தப் பாதையில் இறங்க நினைக்கும் மாணவருக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். நெறியாளரைப் பார்க்கும்போது ‘என்ன தலைப்பு?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கு வேண்டிய அளவீடு எங்கிருந்து வரும், அது என் கைக்கு எந்த ஆண்டு கிடைக்கும்?’ என்று கேளுங்கள். மாதிரி ஏற்கெனவே உலையிலிருந்து வெளியே வந்துவிட்டதா, சோதனைக்கூடத்தில் வரிசை எவ்வளவு நீளம், முன்பு அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வாசல் பாருங்கள். வெளிநாடு போவதாக இருந்தால், எந்தக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அங்குள்ள தேசிய ஆய்வகங்களின் கதவு திறக்கும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக மாணவர்களை அணுசக்தித் துறையின் கருவிகளோடு இணைக்கவே மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நடத்துகின்றன. அதற்குக் கல்பாக்கத்தில் மையமும் இருக்கிறது. அதன் வழியாகக் காமினி உலையில் ஆண்டுக்குச் சில வாரங்களை வெளி மாணவர்களுக்கென்று ஒதுக்கி, முன்பதிவு அட்டவணையைப் பொதுவில் வெளியிடுங்கள். புதிய உலை கட்டத் தேவையில்லை, புதிய சட்டமும் தேவையில்லை. ஓர் அலுவலக உத்தரவு போதும்.